தேடாமல் கிடைத்த படம்

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊரான குருவிநத்தத்தைச் சூழ்ந்த வெள்ளம்தான் என் கல்லூரி ஆய்வு. மழையளவு, சேதம் எல்லாவற்றையும் இணையம் நொடியில் கொட்டியது. பேராசிரியர் விடவில்லை. "லைப்ரரியிலயும் பாத்துட்டு வாம்மா" என்றார். எரிச்சலோடு போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன்.

ஒரு படத்தில் கை நின்றுவிட்டது. சோற்றுப் பொட்டலத்துக்கான வரிசையில், முந்தானையால் பாதி முகத்தை மூடியபடி அம்மா. இடுப்பில் நான். "வெள்ளத்துலகூட யார்கிட்டயும் கை நீட்டல" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவள். பதற்றத்தோடு அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "இன்னாடி, தேடிப் போனது கெடச்சிச்சா?"

"இல்லம்மா."

ஆய்வை இணையத்தில் கிடைத்ததை வைத்தே முடித்துவிட்டேன். அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டவும் மனமில்லை, அழிக்கவும் கை வரவில்லை. அவசரத்துக்கு அவள் என் கைப்பேசியை எடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய் வாங்கி, நானே எண்ணை அழுத்திக் கொடுக்கிறேன்.