விறுவிறுப்பாக நடைபெற்ற கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தின் வெள்ளிவிழா மலர் வெளியானது. பளபள அட்டை. உள்ளே சங்க வரலாறு. எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். அதில் ஒன்று என்னுடையது. எழுதினோமா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்தார்... மிஞ்சியதுதான் வரலாறு!

மற்ற இருவரில் ஒருவர் ரெத்தினம், முன்னாள் தலைவர். இன்னொருவர் சவரிமுத்து, தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர். அந்தத் தேர்தல் கூட்டத்தில்தான் சங்கம் இரண்டாக உடைந்தது. பல வருஷம் கழித்து இப்போதுதான் ஒட்டியிருக்கிறோம் – பசை இன்னும் காயவில்லை. என்னை நடுநிலையாளர் என்று நடுவில் உட்கார வைத்தார்கள். அன்று நான் கூட்டத்துக்கே போகவில்லை. இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் கூடினோம். "நாற்காலி வீசப்பட்டது" என்று அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

"நான்தான் வீசினேன்னு நினைப்பாங்க லா," என்றார் ரெத்தினம்.

"பின்ன, தானாவா பறந்துச்சு?" என்றார் சவரிமுத்து.

"நாற்காலி விழுந்தது" என்று மாற்றினேன்.

"அப்ப என் நிர்வாகத்துல ஆட்டம் கண்ட நாற்காலி வாங்கினேன்னு சொல்றீங்களா?" – மறுபடியும் ரெத்தினம்.

நாற்காலியையே தூக்கிவிட்டேன். பிறகு "கைகலப்பு" போயிற்று. "சலசலப்பு" போயிற்று. கடைசியில் நின்ற வாக்கியம்: "அன்றைய கூட்டம் விறுவிறுப்பாக நடைபெற்றது." இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்!

எழுத்துப்பிழை பார்க்க, டைப் செய்த பிரதியோடு புக்கிட் பாத்தோக்கில் பிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போனோம். சங்கத்தின் மகளிர் பிரிவுத் தலைவி. படித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். இடது புருவத்தின் மேல் நீளமாக ஒரு தழும்பு.

"விறுவிறுப்பா நடந்துச்சா? அப்ப இது என்ன, கூட்டத்துக்கு வந்ததுக்கு நீங்க குடுத்த சோவனீர் பரிசா?"

"பொதுவா எழுதணும்னுதான் டீச்சர்..." சவரிமுத்து இழுத்தார்.

"யார் பக்கமும் சாயக்கூடாது இல்ல?" என்றார் ரெத்தினம்.

"நான் யார் பக்கம்? நாற்காலியோட காலை ஆளுக்கொண்ணா பிடிச்சு இழுத்தீங்க. விலக்க வந்தேன். யார் கைய விட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. தையல் எனக்குத்தான் போட்டாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க கேட்டப்ப வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன், சங்கத்து மானம் போகக் கூடாதுன்னு. புத்தகத்துலயும் நான் வழுக்கித்தான் விழணுமா?"

"பழைய கதை... விடுங்க டீச்சர்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில். ஒரு கமாவுக்குக்கூட ஒத்துப்போகாதவர்கள்! என்னே ஒற்றுமை!

டீச்சர் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்: "இரு தரப்பினரும் இழுத்த நாற்காலி பட்டு, விலக்கப் போன பிலோமினாவின் நெற்றி கிழிந்தது."

"இதுல எந்தச் சொல் பொய்? பொய்னா அடிங்க. இல்லைன்னா இப்படியே அச்சுக்குப் போகட்டும்."

யாரும் பேனாவைத் தொடவில்லை. சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே, "இருக்கட்டும்" என்றார். ரெத்தினம் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப வலிச்சுதா டீச்சர்?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா லா?" என்றவர், எழுந்து எங்களுக்குத் தேநீர் போடப் போனார். டீச்சர் எழுதிய வாக்கியம் அப்படியே அச்சாகிவிட்டது.

இரண்டு பக்கத்தையும் பார்ப்பவர்தான் நடுநிலையாளராம். சரி... நடுவில் நின்று அடி வாங்கியவரை யார் பார்ப்பது?