லலிதாக்கா குடித்த இளநீர்

செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தில் இருந்தேன். ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "லலிதா அக்கா போயிட்டாவ." அனுப்பியவர் முருகேசன். அடியில் ஒரு குரல் பதிவும் இருந்தது. கேட்டேன். பேச்சு இல்லை. தம்பானூர் பேருந்துகளின் இரைச்சல் மட்டும்.

நான் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தை முடித்தேன். என்ன படித்தேன் என்று தெரியாது. முதலில் வந்தது துக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு சொல்.

ஞாயிறுகளில் எங்களோடு ஓடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த லலிதாக்காவை முதலில் சொல்கிறேன். தெரியாததைப் பிறகு.

நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீவராகத்தில் வீடு. கிழக்கேகோட்டையில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அடுத்தவர் ரத்தத்தில் சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று நாள் முழுவதும் பார்ப்பது வேலை. அதனால் எங்கள் உப்பு அவர் பொறுப்பானது. யாரும் நியமிக்கவில்லை.

கவடியாரில் தொடங்கி சங்குமுகத்தில் முடியும் ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆண்கள் கறுப்புச் சட்டையும் பெண்கள் கறுப்புத் தொப்பியும் அணிய வேண்டும் என்பது அவர் விதி. முடிந்ததும் கடற்கரை மதிலில் எல்லாவற்றையும் காயப்போடச் சொல்வார். காய்ந்தால் உப்பு வெள்ளையாக எழும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்து வருவார். விடைத்தாள் திருத்துகிறவரைப் போல.

முருகேசன் சட்டை மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கும். "இது சட்டையா, அப்பளமா?" என்பார்.

"பதினாலு வருஷம் பரோட்டாக் கல்லு முன்னால நிக்கேன் அக்கா. உள்ளுக்குள்ள உப்புக்கண்டமா ஆயாச்சு."

முருகேசன் தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் வேலை செய்கிறார். திருநெல்வேலிக்காரர். அவருக்கு இரண்டு உப்பு மாத்திரை என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். என் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் வேண்டாம் குட்டி. நீ ஓடற ஓட்டத்துக்குக் காலம்பற தின்ன தோசையில இருக்கற உப்பே ஜாஸ்தியாக்கும்."

நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு உப்புக்கரைசல் பொட்டலம் வாங்கினேன். ஒரு லிட்டருக்கானது. இடுப்பில் கட்டும் சிறிய பாட்டிலில் முழுவதையும் கொட்டிக் கலக்கிக் குடித்தேன். பாதி வழியில் சாலையோரம் வாந்தி எடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த பொட்டலத்தின் பின்பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முன்பக்கம் விக்கறவனுக்கு. பின்பக்கம் குடிக்கறவளுக்கு," என்றார். பிறகு என் வாயைத் தன் துண்டால் துடைத்தார்.

உப்பைப் பற்றி இவ்வளவு சொன்னவர் தன் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் வைத்திருந்தார். இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். வாழைப்பழம் வாங்க மாட்டார். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் குடிக்கும் இளநீரைத் தொட மாட்டார். இங்கே மலையாளத்தில் அதற்குக் கரிக்கு என்று பெயர். இந்த ஊரில் கரிக்கை மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அவர் காரணம் சொல்லவில்லை. நாமே ஒன்று வைத்துக்கொண்டோம்.

"அக்ரஹாரத்து வயித்துக்கு நம்ம கரிக்கு எறங்காது. விடுங்கப்பா." முருகேசன் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். நான் கூட.

இனி உங்களுக்குத் தெரியாதது.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். ரத்தம் கொடுக்க அவருடைய பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். எந்திரத்திலிருந்து ஒரு சீட்டு வந்துகொண்டிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அக்கா அதைக் கிழித்துக் கையில் மடக்கினார். யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடது."

அவருடைய சிறுநீரகங்கள் நான்கு வருடங்களாகப் பழுதாகிக்கொண்டிருந்தன. ரத்தத்தில் சேரும் பொட்டாசியத்தை அவற்றால் வெளியேற்ற முடியவில்லை. அது ஏறினால் இதயம் நின்றுவிடலாம். பழமும் இளநீரும் அதனால்தான் விலக்கு. உங்கள் உடம்புக்கு நல்லது என்று அவர் தேர்ந்து கொடுத்ததில் பாதி அவருக்கு விஷம். இதையெல்லாம் ஊசி ஏற்றிக்கொண்டே சொன்னார். என் கையை மடக்கச் சொன்னார்.

"டாக்டர் ஓடலாம்னாரா?"

"நடக்கச் சொல்லியிருக்கார். நான் கொஞ்சம் வேகமா நடக்கறேன், அவ்வளவுதான்."

நான் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது, கேட்டியா. சொன்னா மறுநாளே நான் நோயாளி. ஆத்துல ஏற்கெனவே நோயாளிதான். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் விட்டு வை."

சரி என்றேன். எளிதாக இருந்தது. ஒரு பெரியவரின் ரகசியம் என்னிடம் இருந்தது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன்.

அந்தக் கடைசி ஞாயிறு. முருகேசன் முதல்முறையாக முப்பது கிலோமீட்டர் ஓடி முடித்தார். அக்கா பத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரம் தண்ணீர் மேசையில் நின்றார். அந்த வாரச் சீட்டு நன்றாக இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை அவரே சொல்லியிருந்தார்.

அன்று எல்லோருக்கும் முருகேசன் கரிக்கு வெட்டச் சொன்னார். ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்தி அக்கா முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்காவது எங்கையால ஒண்ணு குடிக்கணும் அக்கா. இல்லேன்னா நான் வேற மாதிரிதான் நெனைப்பேன் கேட்டோ."

சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"வேற மாதிரின்னா?"

"அது அக்காவுக்குத் தெரியும்."

யாரோ பின்னாலிருந்து "அக்கா, குடிச்சுட்டுக் குளிச்சா தீட்டுப் போயிரும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

லலிதாக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு ஆகாது. இரண்டே சொற்கள். என் வாயில் இருந்தன. நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் இளநீரை வாங்கி, குழல் வேண்டாம் என்று சொல்லி, அண்ணாந்து குடித்தார். கடைசிச் சொட்டு வரை. பிறகு கவிழ்த்துக் காட்டினார். "போறுமா?"

"போறும் அக்கா. மனசு நெறஞ்சிட்டு."

முருகேசன் கண் கலங்கியிருந்தது. அதையும் பார்த்தேன்.

திங்கள் மாலை, எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன். "கால் கனமா இருக்கு. வேகமா நடந்துட்டேன் போல" என்று பதில் வந்தது. செவ்வாய் விடியும்போது இதயம் நின்றது.

ஒரு இளநீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்தபின் ஸ்ரீவராகம் போனேன். அவருடைய கணவர் முன்னறையில் தனியாக இருந்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டான்னு ஆஸ்பத்திரியில கேட்டா. இட்லின்னேன். காயை ரெண்டு தடவை வேக வெச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டுத்தான் அவளுக்குப் போடுவேன். நாலு வருஷமா நான்தான் பண்றேன். எங்கேர்ந்து ஏறித்துன்னு புரியல."

சொன்னேன். அவர் ஓடியதை, கரிக்கை, எனக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்ததை.

"யாரு குடுத்தா?"

"குடுத்தவருக்கு ஒண்ணும் தெரியாது மாமா. தெரிஞ்சவ நான். பக்கத்துலதான் நின்னேன்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீ சொல்லியிருந்தா அப்புறம் ஜென்மத்துக்கும் உன்னோட பேசியிருக்க மாட்டா," என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. "பேசாம இருந்திருப்பா. ஆனா இருந்திருப்பா."

முருகேசனிடம் இதை எழுதும் முன்பே நேரில் சொன்னேன். ஹோட்டலின் பின்வாசலில். மாவு ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் பரிகாசம் பண்ணுனதுக்காகக் குடிச்சிருக்காவ, அல்லே?" நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும். இரண்டு ஞாயிறுகளாக அவர் ஓட வரவில்லை. இதை வாசிக்கிற யாரும் அவரை ஒரு சொல் சொல்ல வேண்டாம். அவர் செய்தது உபசாரம். அந்தச் சிரிப்பில் நாம் எல்லோரும் இருந்தோம்.

லலிதாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. குடிக்கும் முன் என்னைப் பார்த்த அந்தப் பார்வை. சொல்லாதே என்றாரா, சொல் என்றாரா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. சொல்லாதே என்றார் என்று எடுத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும். அதனால் மற்றதை வைத்துக்கொள்கிறேன்.