ஹெல்பர் என்று ஒரு சொல்

கடைசியாக அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, சமையலறை மிக்ஸிக்குப் பிளக் மாற்றியது. அம்மா ஒயரின் முனையைச் சீவிக் கொடுத்தாள். மகள் திருகாணியை முடுக்கினாள்.

"இஞ்சினியரம்மா, இன்னைக்கு எனக்கு நீ ஹெல்பர்" என்று அம்மா சிரித்தாள்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மோட்டார் பட்டறையில் எரிந்த காயிலை உருவி, புதுக் கம்பி சுற்றி, ஓட்டிப் பார்த்து அனுப்புவது அம்மாவின் வேலை. பக்கத்து மேஜையில், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஆளும் அதையேதான் செய்தான். அவன் டெக்னீஷியன். அம்மாவும் மற்றப் பெண்களும் ஹெல்பர். சம்பளமும் அந்தப் பேரைப் பார்த்துத்தான் வந்தது; ஹெல்பருக்குக் குறைவு. யாருக்கு ஹெல்ப் என்று கேட்டால் மேனேஜருக்கே தெரியாது.

"சட்டம் பேரைப் பார்க்காதும்மா, செய்யற வேலையைத்தான் பார்க்கும். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைன்னு காட்டணும்."

"பொம்பளைங்க சொன்னா புலம்பல்னுடுவாங்க. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் புகார் குடுத்தாச்சு, அது மட்டும் போதுமா? நெட்டை வந்து சாட்சி சொல்லணும். ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கே போய்க் கேக்கறேன். என் மூஞ்சியைப் பார்த்து மாட்டேன்னு சொல்லட்டும் பார்க்கலாம்."

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, அம்மா பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவ்வளவுதான்.

துக்கத்துக்கு மேனேஜர் வந்தார். அம்மாவின் தலைமாட்டில் நின்று, "நல்ல ஹெல்பர்மா. சொன்ன வேலையைச் செய்வாங்க" என்றார்.

"எங்கம்மா மோட்டார் கட்டினாங்க சார். அவங்க யாருக்கு ஹெல்பர்? பேர் சொல்லுங்க."

சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப எதுக்குடி வம்பு?"

"வேற எப்ப, சித்தி?"

மூலையில் நெட்டை தேம்பிக்கொண்டிருந்தான். "எனக்கு மலைப்பா இருக்கற மோட்டாரைக்கூட அக்கா வாங்கிக் கட்டிடும்" என்று யாரிடமோ சொன்னான். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அழுகை அப்படியே நின்றது. பிறகு அவன் தன் செருப்பைத் தேடுவதில் மும்முரமானான். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அம்மாவின் மேஜைக்கு மறுவாரமே வேறொரு பெண்ணை எடுத்தார்கள். அவளும் ஹெல்பர்தான். அம்மாவோடு கையெழுத்துப் போட்டவர்கள் புகாரை விடவில்லை. தொழிலாளர் அலுவலகம் விசாரணைக்கு நாளும் குறித்துவிட்டது. பெண்கள் வரத் தயார். நெட்டையின் வீட்டுக்குத்தான் இன்னும் யாரும் போகவில்லை.