நாகேந்திரம் அந்தச் செவ்வாய் எங்கே இருந்தார்?

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த நாகேந்திரம், நகரின் மறுகோடியில் ஒருகொடவத்தைக் களஞ்சியமொன்றில் கிளார்க். ஊர் யாழ்ப்பாணம். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று: நேரத்துக்கு வேலைக்குப் போவார்.

எட்டரைக்கு மனேஜர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் அரைநாள் லீவு போய்விடும். ஆகவே முதலில் வருகிறவர் பிந்துகிறவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். போடாமல் விடுவதுதான் பாவம். செவ்வாய்தோறும் மனைவி ரபீக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் புவாத்துக்கு நாகேந்திரம்தான் போடுவார்.

தொண்ணூற்றேழில் ஒரு செவ்வாய், காலை எட்டேகாலுக்கு, வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் யாரோ ஒரு பார்சலை வைத்தார்கள். அது வெடிக்கவில்லை. ஏதாவது நடந்தாக வேண்டுமே, நாகேந்திரத்தைப் பிடித்தார்கள். பதினெட்டாம் நாள் அவர், தமக்குத் தெரியாத சிங்களத்தில் நாலு பக்க வாக்குமூலம் கொடுத்து, தமிழில் கையொப்பமும் வைத்தார். அதை விரும்பிக் கொடுக்கவில்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும், சட்டம் அப்படி.

மிஞ்சியது வரவுப் புத்தகம். அதில் அன்றைக்கு அவர் கையெழுத்தும் புவாத்தின் கையெழுத்தும் சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தன. எட்டேகாலுக்கு வெள்ளவத்தையில் நின்றவர் எட்டரைக்குள் ஒருகொடவத்தையில் கையெழுத்துப் போட, பஸ்ஸுக்கு இறக்கை முளைக்க வேண்டும். வேலைத்தல நண்பர்களுக்கோ வழக்கென்றதும் ஞாபகமறதி. புவாத் மட்டும் சாட்சிக்கு வந்தார். ‘நானும் இருந்தேன், அவரைக் கண்டேன்’ என்றிருந்தால் புத்தகமும் தலையாட்டியிருக்கும்.

“நான் அண்டக்கி ஒம்பதரைக்குத்தான் வந்த, சேர். என்ட கையெழுத்தப் போட்டது நாகேந்திரம் அண்ணன்.”

“அப்போ அவர் கள்ளக் கையெழுத்துப் போடுகிறவர்?” என்றார் அரச சட்டத்தரணி.

“ஓம் சேர். நல்லாப் போடுவார்.”

“அவருக்கும் யாராவது போட்டிருக்கலாமே?”

“அவருக்குப் போட ஆரு சேர் இருந்த? எல்லாருக்கும் முந்தி வாரதே அவர்தானே!”

கோர்ட் சிரித்தது. பொய்க் கையெழுத்து நிறைந்த புத்தகத்தை நம்புவதற்கில்லை என்று நீதிபதி ஏழு வருடம் கொடுத்தார். புவாத்துக்கு அந்தக் கிழமையே வேலை போயிற்று.

பிடிபட்ட நாலாம் வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு கையெழுத்தும் ஒரே கை என்று கண்டு, புவாத் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, நாகேந்திரத்தை விட்டது. வெலிக்கடைச் சிறை வாசலில் புவாத் ஓட்டோவோடு நின்றார்.

“நீயும் இருந்தனி எண்டு சொல்லியிருந்தா உன்ர வேலையாவது தப்பியிருக்கும், மடையா.”

“சத்தியம் பண்ணிட்டு எப்பிடிண்ணே பொய் செல்ற?”

“அதுக்கு முந்தி மூண்டு வருசமா என்னைக்கொண்டு எழுதுவிச்சனியே!”

பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். கொழும்பில் தங்கும் தமிழர் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவு நாலு வருடம் பழையது. இவ்வளவு காலமும் எங்கே இருந்தாய் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். நாகேந்திரம் சிறைச்சாலைக் கடிதத்தை நீட்டினார். அரச முத்திரை, திகதி, எல்லாம் சுத்தம். சிப்பாய் போகலாமென்று கையசைத்தான்.

“பாத்தீங்களாண்ணே,” என்றார் புவாத், “இப்பதான் ஒங்கள நம்புறாங்க.”