ஒல்லாந்தர் ஆட்டத்தில் ஒரு பன்னிரண்டு

1996 ஜனவரி 20, சனிக்கிழமை, காலை பத்து இருபது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினேழு பாகை, பொடிப்பனி. ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில், பித்தளை முனை வைத்த கோலைப் பிடித்தபடி நின்றேன். கோலும் பந்தும் எட்டாம் மாடி ஒல்லாந்துக் கிழவருடையவை. திங்கட்கிழமை அவர் பிறம்ரன் நகருக்கு, மகளோடு இருக்கப் போகிறார். ஊரில் வாத்தியாராயிருந்த நான் பதினொரு சனிக்கிழமைகள் அவரிடம் தோற்றிருந்தேன். வெல்வதென்றால் இன்றைக்கே வெல்ல வேண்டும்.

ஆட்டத்தின் பெயர் கொல்வ். பழைய ஒல்லாந்தர் அதைத் தெருவிலும் உறைந்த வாய்க்காலிலும் நெடுந்தூரம் அடித்து ஆடினார்களாம். சன்னல்கள் உடைய, ஊர்ச் சபைகள் தடை போட்டன. ஆட்டம் மதில் வைத்த முற்றங்களுக்குள் ஒதுங்கியது; பிறகு கூரைக்குள்ளும் போனது. கிழவர் இதைத் தன் வீட்டில் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

மண்டபத்தின் இரு முனைத் தூண்களே எங்கள் கம்பங்கள். முதல் அடியில் எதிர்த்தூணைத் தொட வேண்டும், இரண்டாவதில் இந்தத் தூணை. மூன்றாம் அடியில் பந்து மறுமுனையில் எங்கே நிற்கிறதோ அதற்குப் புள்ளி. தரையில் சோக்குக் கட்டியால் பன்னிரண்டு பட்டைகள் கீறியிருந்தோம். சுவரோரப் பட்டைக்குப் பன்னிரண்டு. இப்படி ஐந்து முறை. அவர் ஐம்பத்தொன்றில் முடித்துவிட்டார். எனக்கு நான்கு முறையில் நாற்பது. ஐந்தாவதில் பன்னிரண்டே வேண்டும்.

இரண்டு தூணையும் தொட்டுவிட்டேன். மூன்றாம் அடிக்குக் கோலை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் பாக்கிற பார்வையிலை உங்களுக்குக் கண்ணூறு பட்டுப்போச்சு. ஒருக்காக் கழிச்சு விடுறன்."

"விசர்க்கதை கதையாதை. ஒரு அடிதான் கிடக்கு."

"பதினொரு கிழமையும் இதைத்தானே சொன்னனீங்கள்!"

செத்தல் மிளகாய், உப்பு, கற்பூரம் எல்லாம் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். என் தலையைச் சுற்றி, தட்டில் போட்டுக் கொளுத்தினாள். மூவரும் இருமினோம். கூரையிலிருந்த புகைக்கருவி அலறியது. கட்டடம் முழுவதும் மணி. அவள் பதறித் தட்டில் தண்ணீரை ஊற்றினாள்.

"வெளியே போவோம்," என்றார் கிழவர் ஆங்கிலத்தில்.

"நெருப்பு அணைந்துவிட்டது. எனக்கு ஓர் அடி இருக்கிறது."

"சரி, அடியும் வாத்தியாரே. மந்திரத்துக்குப் புள்ளி கிடையாது."

அடித்தேன். பந்து சுவரைத் தட்டித் திரும்பி, சுவரோரப் பட்டையின் கோட்டுக்கு இரண்டு விரல் உள்ளே நின்றது. மணி அலற அலற, இருவரும் குந்தியிருந்து அளந்தோம்.

"பன்னிரண்டு," என்றார் அவர்.

பதினான்கு மாடிச் சனமும் பனிக்குள் இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டிகள் மூன்று வந்தன.

"கழிச்சதாலைதான் வெண்டனீங்கள்," என்றாள் மனைவி என் காதுக்குள்.

வீணாக வந்த வண்டிகளின் செலவைக் கட்டட நிர்வாகம் என் தலையில் போட்டது. அது நானூற்றுப் பத்து. மண்டப வாடகை இருபத்தைந்து. மொத்தம் நானூற்று முப்பத்தைந்து டொலர்.