ரிவர்ஸ் கியரில் ஏறிய தொப்பூர் கணவாய்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் தர்மபுரியில் குடியிருந்தோம். பழைய கார்களை வாங்கி, பழுது பார்த்து விற்பதுதான் என் கணவரின் தொழில். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்துவிட்டதால் பலர் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் அவற்றை வாங்கி, பின்பக்கம் ஒரு பெரிய கரி அடுப்பைப் பொருத்தி, லாபம் வைத்து விற்போம். மரக்கரி எரிந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். ஓடும் என்றால் சமதரையில்தான். மேடு வந்தால் திணறும், உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ள வேண்டும்.

பழைய வண்டியைத் தள்ளிக் கிளப்ப ஓர் ஆளும், ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று அவர் என்னையே உட்கார வைத்தார். இண்டூர் பக்கம் கோடையில் வற்றிக் கிடந்த ஏரிதான் என் பள்ளிக்கூடம். ஏரிக்குள்ளிருந்து கரைமேல் ஏறித்தான் வெளியே வர வேண்டும். முன்பக்கமாக ஏற முரண்டு பிடிக்கும் வண்டிகூட ரிவர்ஸ் கியரில் ஏறிவிடும். அந்த கியருக்கு இழுவை அதிகம். அதையும் அவர் சொல்லிக் கொடுத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் என் பாட்டுக்கு ஓட்டினேன்.

அந்த வருஷம் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பெரிய கார் வாங்கினோம். என் வளையல்களும் அதில்தான் போயின. அதை விற்பதற்குள், முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பும்போது அந்த ஹாண்டில் எதிர்த்து அடித்து அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது. இனி அந்தக் கார் விலை போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலை. ஊர்த் தரகர்களுக்கோ கொண்டாட்டம். ராசியில்லாத வண்டி என்று கதை கட்டிவிட்டு, அவர்களே பாதி விலைக்குக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் சேலம் பக்கத்து மிட்டாதார் ஒருவர், பெரிய நிலக்காரர், ஒரு தரகர் மூலம் சொல்லி அனுப்பினார். தொப்பூர் கணவாயின் அடிவாரத்திலிருந்து தன்னை ஏற்றிக்கொண்டு, யாரும் இறங்கித் தள்ளாமல் கார் மேலே ஏறினால் கேட்ட விலை தருவாராம்.

"வேணாம் புள்ள, யாராச்சும் டிரைவரைப் பாத்து அனுப்பலாம்" என்றார் கணவர்.

"எந்த டிரைவர் வரப்போறான்? நானே போறேனுங்க" என்று கிளம்பிவிட்டேன். தரகரும் கூட வந்தார்.

அடிவாரத்தில் மிட்டாதார் மாட்டுவண்டியில் வந்து காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தரகரிடம், "ஏப்பா, ஓட்டறதுக்கு ஆம்பள ஒருத்தனும் கெடைக்கலியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"காரைப் பாக்கத்தானுங்க வந்தீங்க? ஏறுங்க" என்றேன்.

பாதி தூரம் நன்றாகவே ஏறியது. ஒரு செங்குத்தான வளைவில் என்ஜின் திணறி நின்றுவிடும் போலிருந்தது. தரகர் கதவில் கை வைத்துக்கொண்டு, "எறங்கித் தள்ளலாமுங்களா?" என்று இளித்தார். ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று அதட்டினேன். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, அகலமான இடம் வரைக்கும் பின்னால் இறக்கி, பின்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி காரைத் திருப்பினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

கரி அடுப்பு பின்பக்கப் பாதையை மறைத்தது. கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். திரும்பினால் முன்கண்ணாடியில் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது. மிட்டாதார் ஒரு தெய்வம் பாக்கியில்லாமல் எல்லாரையும் கூப்பிட்டார். கார் நிற்காமல் உச்சிக்கு வந்து சேர்ந்தது.

மிட்டாதார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டி தேவலாம். ஆனா பொம்பள ஓட்டினது. அதுவும் பின்னாலயே ஏறுது. நாலு பேரு என்ன பேசுவாங்க? பாதி வெலைக்குக் குடு."

வளையல் இல்லாத என் கையைப் பார்த்தேன். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எறங்கித் தள்ளக் கூடாதுன்னுதானுங்க பேச்சு. எந்தப் பக்கமா ஏறணும்னு பேச்சில்லீங்க. இந்த வண்டி உங்களுக்கு இல்ல. எறங்குங்க."

"என்னது?"

"உங்க மாட்டுவண்டி கீழதான நிக்குது? எறக்கந்தானுங்க, காலு நோவாது."

இருவரையும் இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தரகருக்கு என்னோடு ஊர் திரும்ப ஆசைதான். நான் ஏற்றவில்லை. ஆனால் வீடு நெருங்க நெருங்கத்தான் உறைத்தது. வந்த ஒரே ஆளையும் விரட்டிவிட்டேனே! நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சிரித்ததில் கை வலிக்கிறதென்று என்னையே திட்டினார்.

அடுத்த வாரம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு வெல்ல வியாபாரி வந்தார். "பின்னாலயே கணவா ஏறின காரு இதுதானுங்களா?" என்று கேட்டார். என்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தத் தரகர் ஊர் ஊராகச் சொன்ன கதை, வாங்க வேண்டியவர் காதிலும் விழுந்திருக்கிறது. "நான் போறதெல்லாம் மலையடிவாரத்துப் பாதைங்க. அப்படி ஏறுற வண்டிதான் எனக்கு வேணும். எங்க டிரைவருக்கும் அதைச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

கணவரின் கை குணமான பிறகும், விற்கும் கார்களை ஓட்டிக் காட்டுவது என் வேலையாகவே இருந்தது. பெண் ஓட்டிய வண்டி என்று முகம் சுளித்தவர்களுக்கு நாங்கள் விற்கவே இல்லை. அன்று உச்சியில் நின்று நான் தலையாட்டியிருந்தால், காரோடு சேர்த்து என்னையும் பாதி விலைக்கு விற்றிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.