பூ மட்டும் அனுப்புங்க

நான் மலேசியாவிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்ட அன்று என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அங்கயும் கோயில் தேடிப் போவீங்க, தெரியும். போங்க. ஆனா எனக்குச் சாமி படம் அனுப்பக் கூடாது. பூ மட்டும் அனுப்புங்க."

காரணம் எனக்குத் தெரியும்.

அதற்கு முந்திய வருஷம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அவள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தாள். நானும் என் அண்ணனும் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் பாடாங் செராய் இடுகாட்டில் புதைத்தோம். பேர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கும் இல்லை, காரியமும் இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு வாங்க என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். மறுநாள் கண் விழித்தவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பூ போட்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா" என்றேன்.

அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, வாசலில் இருக்கும் முல்லையைப் பறித்து மாரியம்மன் கோயிலுக்கு நாலு முழம் கட்டிக் கொடுப்பாள். அதற்குப் பிறகு கட்டவில்லை. "அவளுக்குப் போடாத பூ ஆத்தாளுக்கு மட்டும் எதுக்கு?" என்றாள். கோயில் பக்கமும் வருவதில்லை. முல்லை பூத்துப் பூத்து வாசலிலேயே கொட்டியது. வீட்டில் விளக்கேற்றுவது என் வேலையாயிற்று.

நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறேன். சாமியை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் தெரியாது. அதற்காக அவளை வற்புறுத்தவும் மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் புது மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு வா என்று ஒரு வருஷத்துக்கு என்னை ஜப்பானுக்கு அனுப்பினார்கள்.

போய்ச் சேர்ந்தது மலையடியில் ஒரு சின்ன ஊர். நம் கோயில் ஒன்றும் கிடையாது. ஆனால் தெருவுக்குத் தெரு அவர்கள் கோயில் இருந்தது. எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பெரியவர் முன்பு கூலிமில் சில வருஷம் இருந்தவர். மலாய் கொஞ்சம் பேசுவார். ரொட்டி சானாய், நம் பரோட்டாதான், என்று சொன்னாலே அவருக்கு முகம் மலரும். நம் ஆட்களிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ், அண்ணே, தம்பி. அதனால் அவர் எனக்கு அண்ணே, நான் அவருக்குத் தம்பி. லீவு நாளில் "தம்பி, ஜோம்!" என்று வந்து நிற்பார், வா போகலாம் என்று அர்த்தம். இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம்.

அங்கே ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பூ, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மாதம். நான் போய்ச் சேர்ந்த ஜனவரியில், கடுங்குளிரில், ஒரு சிவப்புப் பூ இதழ் உதிராமல் முழுப் பூவாகவே பாசி மேல் விழுந்து கிடந்தது. அதை யாரும் கூட்டித் தள்ளவில்லை. சுற்றிப் போனார்கள். படம் அனுப்பினேன்.

"கீழ விழுந்ததைச் சாமிக்கு வைப்பாங்களா? பவளமல்லி மாதிரியா?" என்று கேட்டாள்.

"வைக்கல. அப்படியே விட்டுட்டாங்க."

"ஓரத்துல கூரை தெரியுது. வெட்டிட்டு அனுப்புங்க."

அப்படித்தான் நான் படம் எடுக்கப் பழகினேன். கூரை வரக் கூடாது, மணி வரக் கூடாது, சிலை வரவே கூடாது. குனிந்தும் சாய்ந்தும், சில சமயம் ஈரத் தரையில் முட்டி போட்டும் பூவை மட்டும் எடுப்பேன். அண்ணே பின்னால் நின்று சிரிப்பார்.

ஏப்ரலில் சகுரா. ஒரு மலையே இளஞ்சிவப்பாக நின்றது. பெருமையாக அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"இதுக்கா பிளேன் ஏறிப் போனீங்க? சுங்கை பட்டாணி ரோட்டுல இதே கலர்ல கொட்டிக் கிடக்குலா. கார் கண்ணாடியெல்லாம் பூ."

"அது வேற, இது வேறம்மா. இதுக்கு அடியில பாய் போட்டு உக்காந்து சாப்பிடுறாங்க."

"நம்ம ஆளுங்களுக்கு ரோட்டோரம் பாய் போட்டா லாரி ஏறிடும்" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டு அந்த மரத்தடியிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன், எந்தச் சாமி என்று தெரியாமலே.

அதன்பின் அவளே கேட்க ஆரம்பித்தாள். அடுத்த மாதம் என்ன பூ? மே மாதம் கொன்றை போலவே தொங்கும் ஊதாச் சரம். "அந்தக் கலர்ல ஒரு பட்டு இருந்தா தச்சுப் போடலாம்" என்றாள்.

ஜூனில் அங்கே மழைக்காலம். அண்ணே ஒரு மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனார். படிக்கட்டின் இரண்டு பக்கமும் நீலப் பூ, ஒவ்வொரு கொத்தும் பந்து அளவு. பூவுக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டிக் கல் சாமிகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாம் மொட்டைத் தலை. கழுத்தில் சிவப்புத் துணி. அப்படியே பழனியாண்டி! எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. என் சட்டைப் பையில் எப்போதும் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். ஒரு சாமியின் நெற்றியில் மூன்று விரலால் பட்டை போட்டு "முருகா" என்றேன்.

அண்ணே ஓடி வந்து கையைப் பிடித்தார். "தம்பி, தம்பி! இனி பாயி."

இது குழந்தை என்கிறாரா? எனக்குப் புரியவில்லை. அவர் கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினார். "பெலும் லாயிர்" என்றார். பிறக்காத பிள்ளை. பிறகு உடைந்த மலாயில் மெதுவாகச் சொன்னார். வயிற்றிலேயே போன பிள்ளைகளை இந்தச் சாமிதான் பார்த்துக்கொள்கிறதாம். பெற்றவர்கள் வந்து பிள்ளைக்கு ஒரு சிலை என்று வைத்துவிட்டுப் போவார்களாம். குளிருமே என்று துணி கட்டுவார்களாம். பேர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

யாரோ பெற்ற பிள்ளையின் நெற்றியில் நான் பட்டை போட்டிருந்தேன். பதறிப்போய்த் துடைக்கப் போனேன். அண்ணே தடுத்தார். மழை பார்த்துக்கொள்ளும் என்பது போல வானத்தைக் காட்டினார். அப்போதுதான் அவரிடம் எங்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். வெளி ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் குடையை வாங்கி இரண்டு பேருக்குமாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் பேசினேன். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு என்ன பூ?"

நீலப் பூவைச் சொன்னேன். "அம்மாடி, அதுல மாலை கட்டினா கழுத்து ஒடிஞ்சிடும்" என்றாள். பிறகு மற்றதையும் சொன்னேன். சாமி பேச்சு வேண்டாம் என்றவளிடம் அதைச் சொல்லலாமா என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். மெஷின் நின்றுவிட்டது. நான் தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அந்தக் கல்லுக்குக் கழுத்துச் சுத்து எத்தன இஞ்சு இருக்கும்?" என்றாள்.

"அளக்கலம்மா."

"போய் அளந்துட்டு வாங்க. கண்ணளவெல்லாம் வேணாம். நூல் வச்சு அளங்க."

ஜூலையில் அண்ணே கோயில் பூசாரியிடம் பேசி, ஒரு சின்னக் கல்லை எங்கள் பிள்ளைக்கென்று வைக்க ஏற்பாடு செய்தார். நான் நூலால் கழுத்தை அளந்து, முடிச்சுப் போட்டு, அதை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். அந்த மாதம் குளத்தில் தாமரை பூத்திருந்தது. அதை அனுப்ப மறந்தே போனேன். அவளும் கேட்கவில்லை.

செப்டம்பரில் அவளே வந்து இறங்கினாள். புடவை, அதற்கு மேல் என் பழைய சுவெட்டர், காலில் சப்பாத்து. கைப்பையில் சிவப்புப் பட்டில் தைத்த குட்டித் துணி, ஓரத்தில் ஜரிகை வைத்து. முல்லை கொண்டுவர வேண்டும் என்று முதலில் அடம் பிடித்தாள். பிளேனில் பூ ஏற்றினால் இங்கே பிடுங்கிவிடுவார்கள் என்று நான் சொன்னதில் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கோயில் சரிவெல்லாம் இலையே இல்லாத சிவப்புப் பூ தீ மாதிரி நின்றது. அவள் நேரே போய்க் கையை நீட்டினாள்.

"பறிக்கக் கூடாதும்மா. இங்க பாக்க மட்டுந்தான்."

"பறிக்காம எப்படிப் போடுறது? இங்கயும் அவளுக்குப் பூ இல்லையா?"

அவள் கண் கலங்கிவிட்டது. எங்களோடு வந்திருந்த அண்ணே முகத்தைப் பார்த்தேன். அவர் விறுவிறு என்று படியிறங்கி, வாசல் கடையிலிருந்து ஒரு கட்டுப் பூ வாங்கி வந்து அவளிடம் நீட்டினார். மஞ்சள் செவ்வந்தி. அங்கே சமாதிக்கு வைக்கிற பூ அதுதானாம்.

படியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து தையல் நூல்கண்டை எடுத்தாள். ஒன்றரை வருஷமாகப் பூத் தொடாத விரல்தான், ஒரு பூகூட நழுவவில்லை. கட்டி முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். முதலில் எங்கள் பிள்ளைக்கென்று வைத்த கல்லின் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டினாள். அளவு கச்சிதம். அதன் மேல் மாலையைப் போட்டாள். என் பையிலிருந்த திருநீற்றைக் கேட்டு வாங்கி, கொஞ்சமாக, குழந்தைக்கு இடுவது போல ஒரு கீற்று மட்டும் இட்டாள்.

நான் பழக்க தோஷத்தில் குனிந்து, பூவை மட்டும் எடுக்கப் போனேன்.

"என்னாங்க, எல்லாத்தையும் சேர்த்து எடுங்க" என்றாள். "பாப்பா, அந்தச் சாமி, கூரை, மணி, எல்லாம் தெரியணும்."

நான் எழுந்து பின்னால் நகர்ந்தேன். கூரை அடங்கவில்லை. இன்னும் இரண்டு படி, இன்னும் மூன்று படி என்று இறங்கிக்கொண்டே போனேன்.